வின்னிபெக் குளிருக்கு சுவாமிமலையிலிருந்து ஒரு ஜோடி கையுறை

சித்திரை வெயிலில் உல்லன் பின்னுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கை வியர்த்தால் நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும், நகரவே நகராது. ஃபேன் கீழே உட்கார்ந்து, உள்ளங்கையில் பவுடர் போட்டுக்கொண்டு பின்னினாலும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால் கொஞ்சம் ஓடும். போன சித்திரை முழுக்க நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கோலம் போட வந்த எதிர்வீட்டு அக்கா, "சுவாமிமலையில யாருக்குங்க இது?" என்று சிரித்தார்.

என் தோழிக்கு. கும்பகோணத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். இப்போது கனடாவில், வின்னிபெக் நகரத்தில் இருக்கிறாள். அங்கே ஜனவரியில் மைனஸ் இருபது சாதாரணம், மைனஸ் முப்பதும் வரும். அவள் வேலைக்குப் போவது பஸ்ஸில்.

இதற்கு முந்தின வருஷமே அவளுக்கு ஒரு ஜோடி பின்னி அனுப்பியிருந்தேன். மாம்பழ மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கலந்து, ஐந்து விரலும் தனித்தனியாக, பார்க்க அவ்வளவு அழகு. "சூப்பர்டி" என்று பதில் வந்தது. போட்டுக்கொண்ட போட்டோ மட்டும் வரவே இல்லை. நாலு மாசம் கழித்து வேறு எதையோ பேசும்போது சொன்னாள்: "கோவிச்சுக்காத. முதல் நாள் போட்டுக்கிட்டுப் போனேன். பஸ் வர்றதுக்குள்ள விரல் எல்லாம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிடுச்சு. அலமாரியில பத்திரமா வச்சிருக்கேன்."

கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த அதிகபட்சக் குளிர் கொடைக்கானல் டிசம்பர். எனக்குத் தெரியாத ஒரு குளிருக்கு நான் கையுறை பின்னியிருக்கிறேன். அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. குளிரே தெரியாத காவிரிக் கரையில் இந்தப் பின்னல் எப்படி வந்தது? நம்ம ஊர்க்காரர்கள் குளிரை எப்படிச் சந்தித்தார்கள், அவர்களுக்கு யார் எதைக் கொடுத்தார்கள்? தேடிப் படித்ததில் கிடைத்தவை கீழே.

கம்பளி இல்லாத ஆடு

முதலில் ஆட்டிலிருந்து தொடங்கணும். அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர் வயல்களில் கிடை போடுவதற்கு கீதாரிகள் மந்தை மந்தையாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆடுகள். ராத்திரி வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். சின்ன வயசில் அதைப் பார்த்து, இந்த ஆட்டிலிருந்து ஏன் யாரும் கம்பளி எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறேன். காரணம் எளிது. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் போன்ற இனங்கள் எல்லாம் முடி ஆடுகள். உடம்பில் இருப்பது குட்டையான நேர் முடி. நூலாக நூற்க அதில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் கம்பளி தருவது கோயம்புத்தூர் இனம், திருச்சி கறுப்பு, நீலகிரி ஆடு போன்ற சில இனங்கள்தான். அவற்றிலும் மென்மையான கம்பளிக்குப் பேர்போனது நீலகிரி ஆடு. மற்றதெல்லாம் தறியில் போர்வை நெய்யத்தான் லாயக்கு.

பின்னல் என்ற வார்த்தை நமக்குப் பழசு. தலை பின்னுவோம், கூடை பின்னுவோம், கயிற்றுக் கட்டில் பின்னுவோம், பின்னல் கோலாட்டம் ஆடுவோம். டெல்டாப் பெண்களின் கைக்கு ஒயர் கூடை அத்துப்படி. ஆனால் இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு ஒரே நூலில் கண்ணிக்குள் கண்ணியாகத் துணியே உருவாக்குகிற வேலை வெளியிலிருந்து வந்தது. உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய நிட்டிங் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை, சுமார் 1000 முதல் 1300 வரையான காலத்தவை. வேடிக்கை என்னவென்றால் அவற்றில் பல கம்பளி இல்லை, பருத்தி. நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். வெயில் தேசத்தில்தான் இந்தக் கலையின் பழைய தடயம் இருக்கிறது. பிறகு அது ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், குளிரைப் பார்த்ததும் கம்பளிக்கு மாறிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கு ஊசி வேலை பள்ளிக்கூடத்தின் வழியாகப் பரவியது. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அடுத்த வருஷமே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1820களில் நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் பள்ளி என்றால் எழுத்து, கணக்கு, கூடவே ஊசி வேலை என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் உல்லன் நூல் என்றால் இன்றைக்கும் வாசல் தோரணம், கொலு பொம்மைக்குச் சட்டை, ஒரு காலத்தில் டெலிபோனுக்கு உறை. உடம்புக்குப் போடுகிற பொருளாக அது ஆகவே இல்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

தரங்கம்பாடியைப் பற்றி இன்னொரு செய்தி. 1760ல் மொராவியன் சகோதரர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழு அங்கே வந்து, பொறையாறு பக்கம் சகோதரர் தோட்டம் என்று ஒரு குடியிருப்பு அமைத்தது. ஜெர்மன் குளிர்நாட்டுக்காரர்கள். நம்ம ஊர் வெயிலும் காய்ச்சலும் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. நாற்பது வருஷம் போல இழுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். அதே திருச்சபையைச் சேர்ந்த ஹைடே, பாகெல் என்ற இரண்டு பேர் 1850களில் திபெத் வழியாக மங்கோலியா போகப் பார்த்தார்கள். அனுமதி கிடைக்காமல் இமயமலையில் லாஹுல் பகுதியில் கேலாங் என்ற ஊரில் தங்கினார்கள். ஹைடேயின் மனைவி மரியா அங்கிருந்த பெண்களுக்கு நிட்டிங் பள்ளி நடத்தினார். இன்று லாஹுல் காலுறை, கையுறைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. காவிரிக் கடைமடையில் வேர் பிடிக்காத ஒரு கூட்டம் போய் நின்ற இடத்தில், இந்தியாவின் நல்ல கையுறைகள் இன்றைக்கும் பின்னப்படுகின்றன. அங்கே ஆட்டுக்குக் கம்பளி இருந்தது, மனுஷருக்குக் குளிர் இருந்தது. கற்றுக்கொடுத்தவரும் கற்றுக்கொண்டவர்களும் ஒரே பனியில் நின்றார்கள்.

கும்பகோணத்துக்காரரின் போர்வை

அடுத்தது பின்னல் கதை இல்லை, குளிர் கதை. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டரில், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. 1914 மார்ச் 17ஆம் தேதி அவர் சென்னையில் நெவாசா கப்பலில் ஏறினார். குடுமியை எடுத்துவிட்டு, கோட்டு பூட்ஸ் எல்லாம் பழகிக்கொண்டு. வெளித் தோற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. படுக்கையில் எப்படிப் படுப்பது என்று சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது கேம்பிரிட்ஜில் இன்னொரு இந்திய மாணவர் இருந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்த மகலனோபிஸ். குளிர் தொடங்கிய நாட்களில் ராமானுஜனின் அறைக்குப் போனபோது, ராத்திரியில் போதுமான அளவு கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டார். குளிர்கிறது, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். போர்வை இல்லையோ என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருந்தன, ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகப்பட்டு. மேலே ஒரு துணி விரிப்பு. ராமானுஜன் அந்த மேல் விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு, கம்பளிகளின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கணும் என்று அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நம்ம ஊரில் பாயை விரிப்போம், மேலே படுப்போம், வேண்டுமானால் ஒரு போர்வையை இழுத்துக்கொள்வோம். மகலனோபிஸ் செய்துகாட்டினார்.

இந்தக் கதையை மேதையின் வெகுளித்தனம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மகலனோபிஸ் கேட்ட கேள்விதான். கம்பளிகள் இருந்தன. கல்லூரி கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தது. ஆனால் அதைக் கொடுத்தவர்களுக்கு கும்பகோணத்துப் பாய் தெரியாது. பாயில் படுத்தவருக்கு அந்தக் கட்டில் தெரியாது. நடுவில் ஒருத்தர் வந்து, ராத்திரி எப்படி இருக்கு என்று கேட்கும்வரை அத்தனை கம்பளியும் வீண்.

எல்லாக் குளிரையும் கேள்வி கேட்டுத் தீர்க்க முடியாது என்பதும் அவர் கதையிலேயே இருக்கிறது. பின்னால் உடம்புக்கு முடியாமல் சானடோரியத்தில் இருந்தபோது ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். திறந்த காற்றுதான் மருந்து என்ற காலம் அது. அறையில் கணப்பு மூட்ட விடவில்லை. நடுங்கிக்கொண்டிருக்கிறேன், குளியலறை மட்டும்தான் கதகதப்பாக இருக்கிறது, தினமும் பேனாவும் தாளுமாக ஒரு மணி நேரம் அங்கே போய்க் கணக்கு எழுதப்போகிறேன் என்கிற மாதிரி. 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னையில் இறந்தபோது அவருக்கு வயது 32.

யாருக்கென்று தெரியாமல்

ராமானுஜன் இங்கிலாந்து போன அதே 1914ல் உலகப் போர் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியிலிருந்து இந்தியப் படைகள் பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பலரும் வெயில் தேசத்துக்கான மெல்லிய காக்கி உடுப்போடு. சில வாரங்களில் பதுங்குகுழியில் சேறும் பனியும். லண்டனில் இந்தியச் சிப்பாய்களுக்காக ஒரு நிதி தொடங்கி, காலுறை, மஃப்ளர், கம்பளித் தொப்பி, கையுறை எல்லாம் சேகரித்து அனுப்பினார்கள். பிரிட்டன் முழுக்கப் பெண்கள் பின்னிக்கொண்டிருந்த காலம். துப்பாக்கிக் குதிரையை இழுக்க ஆள்காட்டி விரலை மட்டும் தனியாக விட்டு, மற்ற மூன்று விரலையும் ஒன்றாக மூடுகிற கையுறை மாதிரி போர்க்காலப் பின்னலில் பிரபலம். அதைப் பின்னியவர்களுக்குக் குளிர் தெரியும். போடப்போகிறவரைத் தெரியாது.

1962ல் இது நமக்கே வந்தது. சீனப் போர். அம்பாலா சமவெளியில் இருந்த நான்காவது டிவிஷனைக் கொண்டுபோய் வடகிழக்கு எல்லையில் இமயமலை மேல் நிறுத்தினார்கள். நாம்கா சூ ஆற்றங்கரையில் இருந்த ஏழாவது பிரிகேடின் தளபதி ஜான் தல்வி, பின்னால் இமாலயன் பிளண்டர் என்ற புத்தகத்தில் அந்த நிலைமையை விவரமாக எழுதியிருக்கிறார். பருத்தி உடுப்பு, கான்வாஸ் ஷூ, போதாத போர்வை. அக்டோபர் 20ல் தாக்குதல் தொடங்கியது. நவம்பர் 21ல் சீனா போர்நிறுத்தம் செய்தது. செய்தி தெரிந்ததும் நாடு முழுக்கப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், ஜவான்களுக்கு ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்ன உட்கார்ந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு நிட்டிங் வந்ததே அப்படித்தான். பெரியம்மா அப்போது கும்பகோணத்தில் ஒன்பதாம் வகுப்பு. தையல் டீச்சர் ஆளுக்கு ரெண்டு ஊசியும் ஒரு பச்சை உல்லன் கண்டும் கொடுத்து மஃப்ளர் பின்னச் சொன்னாராம். பெரியம்மா மூணு மஃப்ளர் முடித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சண்டை முடிந்த பிறகுதான் அதில் ரெண்டு முடிந்திருக்கும். பனியில் காவல் நின்றவர்களுக்கு அதற்கப்புறமும் குளிர்காலம் இருந்தது, அதனால் வீணாகியிருக்காது என்றேன். பெரியம்மா ஒரு விஷயம்தான் சொன்னார்: "எந்தப் புள்ள கழுத்துக்குப் போச்சோ. நீளம் போதுமான்னு கேக்க ஆள் இல்ல பாரு."

எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் பெரியம்மாதான். என் மஞ்சள் சிவப்புக் கையுறை கதையைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "நீ அவள என்ன கேட்ட?" என்றுதான். ஒன்றுமே கேட்கவில்லை.

குளிர் தெரிந்தவர்கள் எப்படிப் பின்னுகிறார்கள்

எனவே இந்த முறை படித்தேன், கேட்டேன்.

முதல் தப்பு ஐந்து விரல். விரல் ஒவ்வொன்றும் மெல்லிய குச்சி மாதிரி. நாலு பக்கமும் சூட்டை இழக்கும். தனித்தனி உறை போட்டால் ஒவ்வொன்றும் தனியாகக் குளிரோடு சண்டை போடணும். நாலையும் ஒரே பைக்குள் விட்டால் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். அதனால்தான் கடுங்குளிர் நாடுகளில் கட்டை விரல் மட்டும் தனியாக இருக்கும் மிட்டன். நார்வேயில் செல்பு என்ற ஊரில் 1857ல் மாரித் எம்ஸ்டாட் என்ற பெண் எட்டு இதழ் நட்சத்திரம் போட்டுப் பின்னிய கறுப்பு வெள்ளை மிட்டனிலிருந்து ஊருக்கே ஒரு தொழில் உண்டாயிற்று. கறுப்பு ஒரு நூல், வெள்ளை ஒரு நூல் என்று இரண்டும் கூடவே ஓடுவதால் உள்பக்கம் தானாகவே இரட்டைத் தடிமன். நட்சத்திரம் வெறும் அழகுக்கு மட்டும் இல்லை.

லாட்வியாவில் கல்யாணப் பெண் பெட்டி நிறைய மிட்டன் பின்னிச் சேர்த்துவைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் கொடுப்பது பழைய வழக்கம். நம்ம சீர்வரிசை மாதிரி, ஆனால் பெண்ணின் கை வேலையாக. 2006ல் ரீகா நகரத்தில் நேட்டோ மாநாடு நடந்தபோது வந்தவர்களுக்குப் பரிசாக 4,500 ஜோடி கைப்பின்னல் மிட்டன் கொடுத்தார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கம், நூற்காத கம்பளிப் பிசிறைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணிகளோடு சேர்த்துப் பின்னுவார்கள். உள்பக்கம் முழுக்கப் பஞ்சு மெத்தை மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: அசையாத காற்று. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. தனக்குள் காற்றைப் பிடித்துவைத்து, கையின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது. பின்னல் இறுக்கமாக இல்லாவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்தக் காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். கையுறை விரலை இறுக்கிப் பிடித்தாலும் காற்று தங்க இடம் இருக்காது.

இரண்டாவது தப்பு நூல். கடையில் உல்லன் என்று கேட்டால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். பெரியம்மா ஒரு துண்டை வெட்டி விளக்குச் சுடரில் காட்டினார். உருகிக் கெட்டியான மணியாக ஆயிற்று. நிஜக் கம்பளி முடி கருகுகிற நாற்றம் வந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பஸ்ஸுக்கு ஓடும்போது கை வியர்த்து, நின்றதும் அந்த வியர்வை குளிர்வதுதான் ஆபத்து. கனடா வானிலைத் துறை கணக்குப்படி, காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிஷத்தில் உறைய ஆரம்பிக்கலாம். அவள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் அதற்குள் வந்துவிடும்.

பிறகு அவளிடம் கேட்டேன். எவ்வளவு நேரம் நிற்பாய்? காற்று எந்தப் பக்கம்? கோட்டுக் கை எவ்வளவு அகலம்? எந்த இடம் முதலில் மரத்துப்போகும்? கடைசிக் கேள்விக்கு வந்த பதில் நான் எதிர்பார்க்காதது. "விரல் இல்லடி, மணிக்கட்டு. கோட்டுக்கும் கையுறைக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி. அங்கதான் கத்தி மாதிரி ஏறும்."

கையைத் தாளில் வைத்து வரைந்து அளவு அனுப்பச் சொன்னேன். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை பதினேழரை சென்டிமீட்டர், உள்ளங்கைச் சுற்று பத்தொன்பது. எங்கள் தெருவில் ஸ்தபதிகள் சிலை செய்யும்போது தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, கால் என்று அளவு பிரிப்பார்கள். மெழுகில் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, உருக்கி வார்த்து, அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஒரு அச்சு, ஒரு சிலை. நானும் ஓர் ஓலை நறுக்கை அவள் கை நீளத்துக்கு வெட்டி, சுற்றளவுக்கு இன்னொன்று வெட்டி, ஊசிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். டேப்பை எடுக்கிறதைவிட இது சுலபமாக இருந்தது.

வடக்கேயிருந்து வரவழைத்த கம்பளி நூல், ரெண்டு இழையாக. கலர் வெறும் கருநீலம். வெளி மிட்டன் இறுக்கமாக; உள்ளே மெரினோ நூலில் கொஞ்சம் சின்னதாக இன்னொரு மிட்டன், விரல் நுனியிலும் கட்டை விரலிலும் மட்டும் சேர்த்துத் தைத்தது. ரெண்டுக்கும் நடுவில் காற்று. மணிக்கட்டுப் பட்டை ரெண்டு நிட், ரெண்டு பர்ல் என்று பன்னிரண்டு சென்டிமீட்டர், கோட்டுக்குள் முழங்கைப் பக்கம் ஏறிப் போகும் அளவுக்கு. சாதாரணமாக ஏழெட்டுதான் போடுவார்கள். கட்டை விரலை ரெண்டு தடவை பிரித்தேன். சித்திரையில் ஆரம்பித்தது ஆடியில் முடிந்தது. ஒரு தடவை கையில் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டி, அவசரமாகக் கழற்றினேன்.

ஜனவரியில் போட்டோ வந்தது. பஸ் ஸ்டாப், பின்னால் வெள்ளை, முன்னால் கருநீலத்தில் ரெண்டு கை. யாரையோ எடுக்கச் சொல்லியிருக்கிறாள். கூடவே ஒரு குரல் செய்தி: "சூடா இருக்குடி. நிஜமா. ஒரே பிரச்சினை, இதப் போட்டுக்கிட்டு போன எடுக்க முடியல."

பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கை சரி. மூக்குக்கு என்ன பண்றா, கேளு" என்றார்.